புரோஸ்டேட் கோளாறுகள்: தொந்தரவு வேறு, ஆபத்து வேறு

சுரப்பியும் அதன் இருப்பிடமும்

ஆணின் உடலில் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்திருக்கும் சுரப்பி புரோஸ்டேட். வாலிப வயதில் அது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில், ஏறத்தாழ 20 கிராம் எடையில் இருக்கும். விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் சிறுநீர்க்குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து வருகிறது. அது குழாயை நெருக்கத் தொடங்கும் நாளில்தான் பலருக்கு அதன் பெயரே தெரியவருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜான் மெக்நீல் என்ற நோய்க்கூறியல் அறிஞர் இச்சுரப்பியைத் தனித்தனி மண்டலங்களாகப் பிரித்து விளக்கினார். அவற்றுள் இரண்டை அறிந்துகொண்டால் புரோஸ்டேட் நோய்களின் போக்கு விளங்கிவிடும். ஒன்று, சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் இடைமண்டலம். வயது ஏறும்போது வரும் சாதாரண வீக்கம் இங்கே தோன்றுகிறது. மற்றொன்று, மலக்குடலை ஒட்டிப் பின்பக்கமாக இருக்கும் புறமண்டலம். புரோஸ்டேட் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது இங்கே தொடங்குகின்றன.

இந்த இருப்பிட வேற்றுமையிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பிறக்கிறது. உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லாத வீக்கம் குழாயை நேராக நெருக்குவதால் சீக்கிரமே தொந்தரவு தருகிறது. ஆபத்தான புற்று குழாயிலிருந்து விலகி வளர்வதால் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவருக்கெல்லாம் புற்றுநோய் இல்லை. சிரமம் இல்லாதவருக்குப் புற்றுநோய் இருக்காது என்றும் இல்லை. தொந்தரவின் அளவை வைத்து ஆபத்தின் அளவைக் கணிக்க முடியாது.

உலகறிந்த மூவரின் செய்திகள் இந்த வேற்றுமையைக் காட்டுகின்றன. 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் மன்னர் சார்ல்ஸ் சிகிச்சை பெற்றது சாதாரண புரோஸ்டேட் வீக்கத்துக்கு. 2015 பிப்ரவரியில் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங், புற்றுநோய் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு, ரோபோட் உதவியுடன் சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எடுக்கப்பட்ட 38 திசு மாதிரிகளில் ஒன்றில் மட்டுமே புற்றணுக்கள் இருந்தன. 2025 மே மாதத்தில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜோ பைடனுக்குக் கண்டறியப்பட்டதோ, எலும்புவரை பரவிவிட்ட தீவிரப் புற்று. சுரப்பி ஒன்றுதான், கோளாறு வேறு, கண்டறியப்பட்ட காலம் வேறு.

வயதோடு வரும் வீக்கம்

புரோஸ்டேட் கோளாறுகளில் மிகப் பரவலானது இந்தச் சாதாரண வீக்கம். திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அறுபது வயதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், எண்பதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் இதன் அடையாளம் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் சுரப்பிக்குள் அதைவிட வீரியமுள்ள டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறி, அணுக்களைப் பெருகச் செய்வது இதற்கு முக்கியக் காரணம். இளமையில் எப்படி வாழ்ந்தார் என்பதற்கும் இந்த வீக்கத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பலர் வீணாகக் கூச்சப்படுகிறார்கள். அப்படி வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

அறிகுறிகள் இரண்டு வகைப்படும். முதல் வகை, வெளியேற்றத்தில் தெரியும் தடை. கழிப்பறையில் நின்ற பிறகும் சிறுநீர் புறப்படத் தாமதமாகும். வேகம் குறையும். விட்டுவிட்டு வரும். முக்கவேண்டியிருக்கும். முடிந்த பிறகும் சொட்டும். இன்னும் பாக்கி இருப்பது போலவே தோன்றும். இரண்டாம் வகை, தேக்கிவைப்பதில் வரும் சிரமம். அடிக்கடி போகத் தோன்றும். வந்த உணர்வை அடக்க முடியாது. போய்ச் சேர்வதற்குள் துணி நனையும். இரவில் தூக்கம் கலைந்து எழ நேரும். தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்து, எரிச்சல் மிகுந்துவிடுவதால் இந்த இரண்டாம் வகை தோன்றுகிறது. சுரப்பியின் அளவும் தொந்தரவின் அளவும் ஒத்துப்போவதில்லை. சிறிதாக வீங்கிய சுரப்பி பெரும் அவதி தரலாம். பெரிதாக வீங்கியது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்.

தொந்தரவை அளக்க உலகெங்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறை பயன்படுகிறது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1992இல் உருவாக்கிய அட்டவணை அதன் அடிப்படை. முழுவதும் வெளியேறாத உணர்வு, அடிக்கடி போதல், விட்டுவிட்டு வருதல், அடக்க முடியாமை, வேகக் குறைவு, முக்குதல், இரவில் எழுதல் என ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு மாத அனுபவத்தை வைத்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும். கூட்டுத்தொகை 7 வரை இருந்தால் தொந்தரவு லேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் 35 வரை கடுமை. இந்த நிலையிலேயே மீதி வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தால் எப்படியிருக்கும் என்ற எட்டாவது கேள்வியும் உண்டு. சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதன் பதிலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

கவனிக்காமல் விட்டால், சோர்ந்துபோன சிறுநீர்ப்பையில் மிச்சச் சிறுநீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும், கல் உருவாகும். பை நிரம்பி வழிந்து, படுக்கையில் தன்னையறியாமல் கசியும். அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களையும் கெடுக்கும். இந்த நாட்பட்ட தேக்கத்தில் வலி இருப்பதில்லை. அடிவயிறு உப்பி, கால் வீங்கி, பசியற்றுப்போன பிறகு இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதானது தெரியவருவதுண்டு.

திடீரென முழுவதும் அடைத்துக்கொள்வது இதற்கு மாறானது. பை நிரம்பியிருக்கும், ஒரு சொட்டும் வராது, வலி தாங்க முடியாது. இது அவசர நிலை. மேலும் தண்ணீர் குடித்துப் பார்ப்பது வேதனையைக் கூட்டுமே தவிர அடைப்பைத் திறக்காது. மருத்துவமனை அவசரப் பிரிவில் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். மருந்துக் கடையில் எளிதாக வாங்கும் சில சளி மாத்திரைகளே இதற்குத் தூண்டுகோலாவதுண்டு. சூடோஎஃபெட்ரின், குளோர்பெனிராமின் போன்ற மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கவோ தசையைத் தளர்த்தவோ செய்கின்றன. கடும் மலச்சிக்கல், மது, நெடுநேரம் அடக்கிவைத்தல் ஆகியவையும் தூண்டலாம்.

சர்க்கரையா, சுரப்பியா?

மலேசியாவில் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடைப்பட்ட சாலையில் உள்ள தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். தோட்டங்களில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள், தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், ஜாகா வேலை செய்பவர்கள், துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவர்கள் என வட்டாரத் தமிழ் ஆண்களின் வாழ்க்கை அமைந்திருக்கிறது. இவர்களிடம் புரோஸ்டேட் தொந்தரவைப் பேசும்போது இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவை ஒதுக்கிவைக்க முடியாது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீரின் அளவே கூடுகிறது. அடிக்கடி போவது, இரவில் எழுவது இரண்டும் அதனால் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், தாகமும் எடுக்கும். புரோஸ்டேட் வீக்கத்தில் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகவே போகும். பல ஆண்டு நீரிழிவு நரம்புகளைத் தாக்கிய பின் சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாமல் போவதும் உண்டு. அப்போது அறிகுறி புரோஸ்டேட் வீக்கத்தைப் போலவே தோன்றும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் அரிதன்று.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய கருவி சிறுநீர்க் குறிப்பேடு. மூன்று நாட்களுக்கு ஒவ்வொரு முறையும் போன நேரத்தையும் அளவையும், குடித்ததன் அளவையும் எழுதிவைக்க வேண்டும். அளவுக் கோப்பை ஒன்று போதும். 24 மணி நேரத்தில் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் சர்க்கரையையோ அளவுமீறிய நீர் அருந்துதலையோ சந்தேகிக்க வேண்டும். மொத்த அளவு சரியாக இருந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் போனால், இதயப் பலவீனம், கால்வீக்கம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், படுக்கப்போகும் முன் குடிக்கும் தே தாரிக், காப்பி ஆகியவற்றில் காரணத்தைத் தேடவேண்டும். அளவு சிறிதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால் சிறுநீர்ப்பையிலோ புரோஸ்டேட்டிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் இந்த ஒரு தாளை நீட்டினால், கூச்சத்தால் சொல்லத் தயங்குவதையெல்லாம் அதுவே சொல்லிவிடும்.

அழற்சியும் கிருமித் தொற்றும்

ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களிடம் அதிகம் காணப்படுவது புரோஸ்டேட் அழற்சி. இதில் பல வகைகள் உண்டு. திடீர்க் கிருமித் தொற்று ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும்: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, சிறுநீர் போகும்போது கடுப்பு, சில வேளை முழு அடைப்பு. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை கிருமியே காரணம். சிறுநீரை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உடனே தொடங்கவேண்டும். வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம் உட்கொள்ளவேண்டியிருக்கும். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டதென்று மருந்தை நிறுத்தினால் தொற்று சுரப்பிக்குள் தங்கிவிடும்.

மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் சுரப்பிக்குள் சீழ் கட்டியிருக்கலாம். இந்த வட்டாரத்தில் அதற்குரிய ஒரு நோயையும் நினைவில் வைக்கவேண்டும்: மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது இது. ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இரங்கூனில் கண்டு 1912இல் உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆம்புரோஸ் ஸ்டாண்டனும் வில்லியம் ஃபிளெச்சரும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். நோய்க்கு இப்போது வழங்கும் பெயரும் அவர்கள் இட்டதே. நீரிழிவு உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர ஆய்வுகளில், இந்நோய் கண்ட ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புரோஸ்டேட்டில் சீழ் இருந்தது. மலேசியாவிலும் இந்நோய் நிலைகொண்டிருக்கிறது. தோட்டத்திலோ வாய்க்காலிலோ சேற்றிலோ வேலை செய்யும் நீரிழிவுக்காரருக்குக் காய்ச்சலும் சிறுநீர்த் தடையும் சேர்ந்து வந்தால், தாம் செய்யும் வேலையை மருத்துவரிடம் சொல்லவேண்டும். சரியான கிருமி ஆய்வுக்கு அந்தத் தகவல் வழிகாட்டும்.

அழற்சி வகைகளில் மிகப் பெரும்பான்மையானது நாட்பட்ட இடுப்புக்குழி வலி. மூன்று மாதத்துக்கு மேல் இடுப்படியிலோ விதையிலோ குறியின் நுனியிலோ வலி வந்து வந்து போகும். ஆய்வில் கிருமி எதுவும் தென்படாது. இடுப்புத் தள தசைகளின் இறுக்கம், நரம்புகளின் மிகையுணர்வு, மனக்கவலை ஆகியவை இதில் கலந்திருக்கின்றன. வலி மெய்யானது, உயிருக்கு ஆபத்தானதன்று. மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி விழுங்குவதைவிட, தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் வலிக்கேற்ற மருந்தும் பொறுமையான தொடர் கவனிப்பும் பயன் தருகின்றன.

சத்தமின்றி வளரும் புற்று

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருப்பது புரோஸ்டேட் புற்று. பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்றாம், நான்காம் நிலையை எட்டிய பிறகே அது கண்டறியப்படுகிறது. "ஒன்னுக்கு ஒழுங்காத்தானே போகுது" என்ற நம்பிக்கையும், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானமும் இந்தத் தாமதத்துக்குத் துணைபோகின்றன.

முற்றிய நிலையின் அடையாளங்கள் பெரும்பாலும் சிறுநீரோடு தொடர்பற்றவை. முதுகிலோ இடுப்பிலோ தொடையிலோ விடாத எலும்பு வலி வரும். ஓய்விலும் இரவிலும்கூட விடாது. உடல் மெலியும், சோகை பிடிக்கும். தோட்ட வேலையோ லோரி ஓட்டியதோதான் முதுகுவலிக்குக் காரணம் என்று எண்ணித் தைலம் தேய்த்தே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. அந்த வலியோடு கால்கள் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் நடை திரும்பாமல் போகலாம்.

வயது ஐம்பதைத் தாண்டியிருப்பதும் குடும்ப வரலாறும் இதற்கான முக்கிய அபாயக் காரணிகள். தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்தப் புற்று இருந்தால் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக் குறையும் அபாயத்தைக் கூட்டும். மார்பகப் புற்றுடன் தொடர்புடையதாக அறியப்பட்ட மரபணு அது. எனவே தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

பரிசோதனைகளும் அவற்றின் பொருளும்

முதலாவது விரல் பரிசோதனை. புறமண்டலம் மலக்குடலை ஒட்டியிருப்பதால், உறையிட்ட விரலால் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்குக் கல் போன்ற இறுக்கமும் முடிச்சும் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பரிசோதனையை வெட்கத்தால் மறுப்பவர்கள் ஏராளம். வெட்கத்துக்கு விலையாக எதைக் கொடுக்க நேரலாம் என்பதைக் குடும்பத்தார் எடுத்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. அமெரிக்காவில் 1986இல் புற்றின் போக்கைக் கண்காணிக்கவும், 1994இல் புற்றைக் கண்டறிய உதவவும் இதற்கு அனுமதி கிடைத்தது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது பழகிப்போன எல்லை. ஆனால் பி.எஸ்.ஏ. சுரப்பியின் அளவுகோல்; புற்றுக்கே உரிய அடையாளமன்று. வீக்கம், அழற்சி, சிறுநீர் அடைப்பு, குழாய் செருகுதல், முந்திய நாளின் உடலுறவு ஆகிய எல்லாமே அதை உயர்த்தும். தொற்று கண்டவர்கள் குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே பரிசோதித்துக்கொள்வது நல்லது. 4க்கும் 10க்கும் இடையே வருபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்று இருக்கும். 4க்குக் கீழே இருப்பதும் முழு உத்தரவாதமாகாது. ஃபினாஸ்டெரைட், டுடாஸ்டெரைட் மருந்து உண்பவர்களுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையும். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டெரைட் உண்பவருக்கும் இது பொருந்தும்; சொல்லாவிட்டால் கணக்கு தவறிவிடும்.

தொந்தரவே இல்லாதவரும் பி.எஸ்.ஏ. பார்க்கவேண்டுமா என்பதில் மருத்துவ உலகம் நிதானம் காட்டுகிறது. 2018இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு, 55 முதல் 69 வயதுக்குட்பட்டோர் நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்றது. 70ஐக் கடந்தவர்களுக்கு வழக்கமாகச் செய்யவேண்டாம் என்றது. மெதுவாக வளரும் பல புற்றுகள் வாழ்நாளில் தீங்கே செய்யாமல் போகலாம். அவற்றைத் தேடிப் பிடித்துச் சிகிச்சை செய்தால் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு போன்ற விளைவுகள் மிஞ்சலாம். குடும்ப வரலாறு உள்ளவர்கள் 45 வயதிலேயே இந்தப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

பி.எஸ்.ஏ. உயர்ந்திருந்தால் அடுத்தது எம்.ஆர்.ஐ. படம்; அதில் சந்தேகம் தெரிந்தால் ஊசிவழித் திசு ஆய்வு. திசுவைக் குத்தி எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. திசுவின் தன்மையைக் கிளீசன் மதிப்பெண் சொல்கிறது. புற்று உறுதியானாலும் உடனே கத்தி வைக்கவேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் 1,643 ஆண்களைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த புரொடெக்ட் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என எது அளிக்கப்பட்டிருந்தாலும், சுரப்பிக்குள் அடங்கிய புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே இருந்தார்கள். பரவிவிட்ட புற்றுக்கு ஆண் ஹார்மோனை ஒடுக்குவதே அடிப்படைச் சிகிச்சை. 1941இல் அதைக் கண்டறிந்த சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

வீக்கத்துக்கான சிகிச்சை

லேசான தொந்தரவுக்குப் பழக்க மாற்றமே போதும்: மாலைக்குப் பின் நீரையும் தேநீர், காப்பியையும் குறைத்தல், மலச்சிக்கலைத் தவிர்த்தல், ஒருமுறை போன சில நிமிடங்களில் மறுமுறை முயலுதல். நடுத்தரத் தொந்தரவுக்கு டாம்சுலோசின், அல்ஃபுசோசின் போன்ற மருந்துகள் சிறுநீர்ப்பை வாயின் தசையைத் தளர்த்திச் சில நாட்களில் நிவாரணம் தருகின்றன. எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம் என்பதால் முதல் நாட்களில் கவனம் தேவை. கண்புரை அறுவைக்குப் போகிறவர் இந்த மருந்தைப் பற்றிக் கண் மருத்துவரிடம் முன்பே சொல்லவேண்டும். கண்ணின் கருவிழிப்படலம் அறுவையின்போது தளர்ந்து சிக்கல் தரக்கூடும். பெரிய சுரப்பிகளை ஃபினாஸ்டெரைட், டுடாஸ்டெரைட் மருந்துகள் ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுத்துச் சுருக்குகின்றன.

மருந்துக்கு அடங்காத தொந்தரவு, திரும்பத் திரும்ப வரும் அடைப்பு, கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கு அறுவை தேவைப்படும். வயிற்றைக் கீறாமல் சிறுநீர்க்குழாய் வழியாகவே சதையைச் செதுக்கி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. முறை நெடுங்கால அனுபவமுள்ளது. அதன்பின் பெரும்பாலோருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் போகும், இது தீங்கற்றது. விறைப்புத் தன்மை பெரும்பாலோருக்குப் பாதிக்கப்படுவதில்லை.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒரு சொல் தேவை. நெருஞ்சில், நீர்முள்ளி ஆகியவை சிறுநீரைப் பெருக்குவதற்காக மரபில் பயன்பட்டுவருபவை. வாய் அடைபட்ட பையில் நீரைப் பெருக்குவது உதவாது. ஆண்மை பெருக்கும் என்று விற்கப்படும் சில தயாரிப்புகளில் சில்டெனாஃபில் போன்ற மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடைசெய்திருக்கிறது. புரோஸ்டேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். 'மால்' எனத் தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்கலாகாது.

எப்போது, எங்கே?

சிறுநீர் முழுவதும் அடைத்தல், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகுவலியோடு கால் தளர்தல் ஆகிய மூன்றுக்கும் உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், வலியில்லாவிட்டாலும், ஒருமுறையோடு நின்றுவிட்டாலும், சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்கவேண்டும். புகைப்பவர்களுக்கு அது சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். விடாத எலும்பு வலியும் காரணமற்ற மெலிவும் அதே அவசரத்துக்குரியவை. படுக்கையில் கசிதலும் தாமதிக்கத் தக்கதன்று.

மற்ற எல்லாத் தொந்தரவுகளுக்கும் முதல் வாசல் ஊரிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. சிறுநீர், இரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள். குறைந்த வருமானப் பிரிவினரில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவச உடல் பரிசோதனையும் உண்டு. ஐம்பதை எட்டிய ஆண் அங்கே போகும்போது மூன்றைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்: மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு, உண்ணும் எல்லா மருந்துகளின் பட்டியல், தந்தைவழியிலும் தாய்வழியிலும் வந்த புற்றுநோய்களின் விவரம்.